பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது? பிளாஸ்டிக் மாடலை ஒட்டுவது, ப்ரைமர் அடிப்பது, பெயிண்ட் பூசுவது, தப்பாகிவிட்டால் உரித்து எடுப்பது

புது கிட்டைப் பிரிப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கி, கையில் இருக்கும் பசை, ப்ரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), பெயிண்ட், தின்னர், வார்னிஷ் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு மூடியிலும் மார்க்கரால் ஒரு எழுத்து எழுதுங்கள். லாக்கர் (வீரியமான கரைப்பானில் கரையும் பூச்சு) என்றால் 'லா'. எனாமல் (எண்ணெய் சார்ந்த பூச்சு) என்றால் 'எ'. ஆல்கஹால் கலந்த அக்ரிலிக் என்றால் 'ஆ'. தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் என்றால் 'த'. மிஸ்டர் கலர், தமியாவின் எல்பி வரிசை, டிஎஸ் ஸ்ப்ரே எல்லாம் 'லா'. ஹம்ப்ரோலின் சின்ன டின்கள் 'எ'. தமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசைகளும் மிஸ்டர் ஹாபி அக்வியஸும் 'ஆ'. வல்லேஹோ மாடல் கலரும் சிட்டாடலும் 'த'.

இந்த நான்கு எழுத்துதான் இனி நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் அடிப்படை. பசை ஏன் ஒட்டுகிறது, ப்ரைமர் ஏன் பிடிக்கிறது, ஒரு பூச்சின் மேல் இன்னொன்று ஏன் சுருங்குகிறது, எது எதை உரிக்கும் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பாட்டிலில் என்ன கரைப்பான் இருக்கிறது, அது அடியில் இருப்பதை என்ன செய்யும் என்ற ஒரே கேள்விதான்.

நான் இதை ஒரு 1/48 (நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு) அளவுப் போர் விமானத்தில் கற்றுக்கொண்டேன். மூன்று வாரம் உட்கார்ந்து எனாமலில் கையால் பூசி முடித்த இறக்கை. மேலே மினுமினுப்புக்காக ஒரு ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தேன், அது லாக்கர் என்று கவனிக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் மேல்பூச்சு முழுக்க நனைந்து காய்ந்த காகிதம் போலச் சுருங்கிவிட்டது. அந்த விமானத்தை எப்படி மீட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் மீட்க முடியும்.

பசை

பெட்டியில் வரும் பெரும்பாலான கிட்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். அதற்கான பசையைப் பசை என்று சொல்வதே சரியில்லை, அது உருக்கி இணைக்கும் திரவம். இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் கரைத்து ஒன்றோடொன்று கலக்க விட்டு, கரைப்பான் ஆவியாகிப் போனதும் நடுவில் வேறு பொருள் எதுவும் இல்லாமல் ஒரே துண்டாகிவிடும். அதனால்தான் நன்றாக ஒட்டிய மாடல் கீழே விழுந்தால் ஒட்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் உடையும். தமியா எக்ஸ்ட்ரா தின் பாட்டிலில் இருப்பது பியூட்டைல் அசிடேட்டும் அசிட்டோனும். இது தண்ணீர் மாதிரி இருக்கும். முதலில் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூடியில் இருக்கும் பிரஷின் நுனியால் இணைப்புக் கோட்டை ஒரு இடத்தில் தொட்டால் போதும், இடுக்கில் தானாகவே உறிஞ்சிக்கொண்டு ஓடும். அந்தக் கோட்டின் மேல் விரல் இருந்தால் விரலுக்கு அடியிலும் ஓடும், கைரேகை பிளாஸ்டிக்கில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். எனவே கோட்டுக்குத் தள்ளியே பிடியுங்கள்.

கெட்டியான பசை (தமியாவின் வெள்ளை மூடி, ரெவெல் கான்டாக்டாவின் ஊசி மூக்கு பாட்டில்) வேறு வேலைக்கு. விமான உடலின் இரு பாதிகள், பீரங்கிக் குழாயின் இரு பாதிகள் மாதிரி நீளமான இணைப்புகளுக்கு இரண்டு ஓரத்திலும் பூசி, அரை நிமிடம் விட்டுச் சேர்த்து அழுத்தினால், உருகிய பிளாஸ்டிக் ஒரு மெல்லிய வரப்பு மாதிரி வெளியே பிதுங்கும். அதைத் துடைக்காதீர்கள்! அதுதான் உங்கள் பட்டி, இடுக்கை நிரப்பும் பொருள். ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டுக் கத்தியால் சீவி உப்புத்தாள் போட்டால் கோடே இருக்காது. அவசரப்பட்டு அன்றைக்கே தேய்த்தால், உள்ளே மிச்சம் இருக்கும் கரைப்பான் மெதுவாக வெளியேறும்போது அந்த இடம் உள்வாங்கி, பெயிண்ட் அடித்து ஒரு மாதம் கழித்துக் கோடு திரும்பவும் தெரியும். இது நடந்தவர்கள் பெயிண்டைக் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன். பெயிண்ட் என்ன செய்யும்.

இதிலிருந்தே மற்றதெல்லாம் புரியும். பெயிண்ட் அடித்த பரப்பில் இந்தப் பசை பிடிக்காது, ஏனென்றால் அது பிளாஸ்டிக்கைத் தொடுவதற்கு முன் பெயிண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும், ஒட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ரெசின் (அச்சில் ஊற்றி இறுக வைத்த பிசின்), உலோகம், பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த நுண்பாகங்கள் இவையெல்லாம் இந்தக் கரைப்பானில் கரையாது, அதனால் ஒட்டவும் ஒட்டாது. 1/72 அளவில் வரும் வளையும் மென்மையான பிளாஸ்டிக் சிப்பாய்கள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் வகை. அவற்றுக்கும் இது பயன்படாது.

அங்கெல்லாம் சூப்பர் குளூ, அதாவது சயனோஅக்ரிலேட். இது ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலும் பரப்பிலும் இருக்கும் ஈரத்தைத் தொட்டதும் சங்கிலிபோலக் கோத்து இறுகுகிறது. எனவே நிறைய வைத்தால் சீக்கிரம் ஒட்டும் என்பது தலைகீழ், எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சீக்கிரம். பாட்டிலிலிருந்து நேராக விடாமல் ஒரு பிளாஸ்டிக் அட்டையில் ஒரு சொட்டு விட்டு, பல்குத்தும் குச்சியாலோ ஊசி நுனியாலோ எடுத்து வையுங்கள். இடைவெளி இருந்தால் கொஞ்சம் சமையல் சோடா தூவி மேலே ஒரு சொட்டு விட்டால் அந்த நொடியே கல்லாகிவிடும், ஆனால் இறுகிய சயனோஅக்ரிலேட் நேரம் போகப் போகச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கை விடக் கடினமாகிக்கொண்டே போகும், எனவே ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்து முடித்துவிடுங்கள். மறுநாள் தேய்த்தால் பசை அப்படியே நிற்க, பக்கத்துப் பிளாஸ்டிக்தான் பள்ளமாகும்.

இந்தப் பொருள் 1942-ல் ஈஸ்ட்மேன் கோடாக்கில் ஹாரி கூவரின் குழு, துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிகளுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்தது. தொட்டதில் எல்லாம் ஒட்டியதால் அப்போது ஒதுக்கிவிட்டார்கள், 1958-ல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. நமக்கோ தெளிவான பாகங்களில்தான் இதை வைக்கவே கூடாது. இறுகும்போது எழும் ஆவி விமானி அறையின் கண்ணாடி மூடியில் வெள்ளைப் புகையாகப் படிந்துவிடும். கண்ணாடிப் பாகங்களுக்கு மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசையே சிறந்தது, வலு குறைவுதான், ஆனால் காய்ந்தால் தெளிவாகிவிடும், பிதுங்கினால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். கனமான உலோக, ரெசின் பாகங்களுக்கு இரண்டு குழாய் எபாக்ஸி. நடுவில் ஓட்டை போட்டு ஒரு கம்பித் துண்டைச் சொருகி ஒட்டினால் அசையாது.

பிசிறும் பட்டியும்

பாகத்தை ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, இரண்டு வெட்டாக எடுங்கள். முதல் வெட்டு தள்ளி, இரண்டாவது ஒட்டி. ஒரே வெட்டாக எடுத்தால் பிளாஸ்டிக் வெளுத்துப்போகும், சில சமயம் பாகத்தின் ஓரமே கிள்ளிக்கொண்டு வந்துவிடும். மிச்சத்தைக் கத்தியின் முனையைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டி, 400, 600, 1000 என்று உப்புத்தாளை மாற்றிக்கொண்டே போங்கள். ரெசின் பாகங்களை எப்போதும் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

மெல்லிய கோடுகளுக்கு மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற திரவப் பட்டி போதும். எண் குறைவாக இருந்தால் கெட்டி, 1500 என்றால் மிக நைஸ். பெரிய இடைவெளிகளுக்கு மில்லிபுட் மாதிரி இரண்டு களிமண்ணைப் பிசைந்து வைக்கும் எபாக்ஸி பட்டி, சுருங்காது, இறுகுவதற்கு முன் ஈர விரலால் வழித்துச் சமன் செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: அதே கிட்டின் ஸ்ப்ரூவைப் பொடிப்பொடியாக நறுக்கி, பாதி தீர்ந்த மெல்லிய பசை பாட்டிலில் போட்டு ஓரிரு நாள் விட்டால் பாகு மாதிரி ஆகிவிடும். அதை வைத்த இடத்தில் இறுகுவதும் அதே பிளாஸ்டிக்தான், தேய்க்கும்போது பக்கத்து இடத்தோடு ஒரே கடினத்தில் தேயும், மேலே புதிதாகக் கோடு கீறினாலும் உதிராது. காய மட்டும் நிறைய நேரம் எடுக்கும்.

தேய்த்த இடம் சரியாக வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. வெள்ளி நிற பெயிண்டை அந்தக் கோட்டின் மேல் மட்டும் ஒரு தீற்று தீற்றிப் பாருங்கள், ஒளிந்திருக்கும் சின்னக் கீறல்கூடப் பளிச்சென்று தெரிந்துவிடும்.

ப்ரைமர்

ப்ரைமர் தேவையா என்று அடிக்கடி கேட்கிறார்கள். லாக்கர் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள், மாடல் ஒரே நிறப் பிளாஸ்டிக், பட்டி வைக்கவில்லை என்றால் இல்லாமலும் தப்பிக்கலாம், ஏனென்றால் லாக்கரே பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கடித்துப் பிடிக்கும். தண்ணீர் அக்ரிலிக் என்றால் கட்டாயம் வேண்டும். அதற்குக் கடிக்கும் சக்தி கிடையாது, வெறும் பிளாஸ்டிக்கில் பூசினால் மாஸ்கிங் டேப்போடு (பெயிண்ட் படக் கூடாத இடத்தை மறைக்கும் டேப்) சேர்ந்து தோலாக உரிந்து வந்துவிடும். உலோகம், ரெசின் பாகம் கலந்திருந்தாலும் கட்டாயம். பிடிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், சாம்பல் ப்ரைமர் பட்டி, பிளாஸ்டிக், பித்தளை எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கி விட்டுப்போன குறைகளைக் காட்டிக் கொடுக்கும், எனக்கு அதுதான் பெரிய லாபம்.

முதலில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதாகக் கழல்வதற்குப் பூசும் எண்ணெய், அப்புறம் நம் கை எண்ணெய், உப்புத்தாள் தூள் எல்லாம் மேலே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மிருதுவான பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசிக் காற்றில் காயவிடுங்கள். சூடான தண்ணீர் வேண்டாம், மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். கழுவிய பிறகு கையுறை போட்டுத்தான் தொடுவேன்.

ஸ்ப்ரே டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள், உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் தொடர்ந்து. குளிர்ந்த அறை என்றால் டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள், அழுத்தம் கூடித் துளி நைஸாக வரும். கை பொறுக்கும் சூடு மட்டும்தான், கொதிக்கும் தண்ணீரோ அடுப்போ கூடவே கூடாது, டப்பா வெடிக்கும். மாடலிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, மாடலுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, மேலே ஒரே வேகத்தில் கடந்து, வெளியே போன பிறகுதான் விரலை எடுக்க வேண்டும், ஏனென்றால் வழிசல்கள் எல்லாம் ஆரம்பிக்கும் இடத்திலும் நிறுத்தும் இடத்திலும்தான் உருவாகின்றன. முதல் கோட் (பூச்சு) தூவானம் போலப் பாதி பிளாஸ்டிக் தெரியட்டும். பத்து நிமிடம் விட்டு இரண்டாவது. தேவைப்பட்டால் மூன்றாவது. ஒரே மூச்சில் மூட நினைத்தால் மாடலின் பரப்பில் பொறித்திருக்கும் நுண்கோடுகள் நிரம்பிவிடும்.

ரொம்பத் தள்ளி நின்று அடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து மணல் ஒட்டியது மாதிரி சொரசொரப்பாக விழும். மழைநாளில் அடித்தால் லாக்கர் வெளுத்துப் பால் மாதிரிப் படரும், கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வரும் கோளாறு. அந்த நாளில் ப்ரைமர் அடிக்காமல் இருப்பதே நல்லது.

லாக்கர் ப்ரைமர் அரை மணியில் தொடும் பதத்துக்கு வந்துவிடும், மறுநாள் தேய்க்கலாம். வல்லேஹோவின் தண்ணீர் ப்ரைமர் மாதிரி பாலியுரேத்தேன் கலந்தவற்றைச் சீக்கிரம் தேய்க்க முயன்றால் ரப்பர் போல உருண்டு கிழியும், முழுதாக இறுக விட்டுவிடுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, சாம்பல் எதற்கும் பொருந்தும், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அடியில் வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு, உலோக நிறங்களுக்குக் கறுப்பு. குரோம் மாதிரி கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமென்றால் வழவழப்பான பளபள கறுப்பு, அடியில் ஒரு தூசி இருந்தாலும் மேலே தெரியும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். லாக்கர், எனாமல் ஸ்ப்ரே செய்யும்போது துணி முகமூடி, தூசி முகமூடி எதுவும் உதவாது, அவை துளியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளுக்கான கார்ட்ரிஜ் மாட்டிய முகமூடியும், காற்று வெளியே போகும் வழியும் வேண்டும். பக்கத்தில் நெருப்பு, எரியும் அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது.

பெயிண்ட்

ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் கருவி) இருந்தால் நல்லது, ஆனால் பிரஷால் மட்டும் பூசி அசத்தலான மாடல் செய்யும் ஆட்கள் நிறைய உண்டு, ஏர்பிரஷ் வாங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

பிரஷுக்குத் தண்ணீர் அக்ரிலிக் தான் எளிது. பாட்டிலிலிருந்து நேராகப் பூசாமல் தட்டில் எடுத்து ஓரிரு சொட்டுத் தண்ணீர் கலந்து, பிரஷின் முடியில் பாதி வரைக்கும் மட்டும் தோய்த்து, ஓரத்தில் வழித்துவிட்டு, ஒரே திசையில் இழுத்துக்கொண்டு போங்கள். முதல் கோட் திட்டுத்திட்டாக அசிங்கமாகத்தான் இருக்கும். அதைச் சரி செய்கிறேன் என்று பாதி காய்ந்த இடத்தில் திரும்பவும் பிரஷை வைத்தால் அடியில் இருப்பது கிழிந்து வரும். அப்படியே விட்டுவிட்டு, காய்ந்ததும் குறுக்கே இரண்டாவது கோட், அப்புறம் மூன்றாவது. சின்ன பிரஷ்தான் துல்லியம் என்று நினைத்துப் பெரிய பரப்பையும் சின்ன பிரஷால் பூசுகிறவர்கள் உண்டு. அகலமான தட்டைப் பிரஷ் எடுங்கள், கோடு விழுவது பாதியாகக் குறையும். தமியா அக்ரிலிக் பிரஷில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதிலுள்ள ஆல்கஹால் வேகமாகப் பறந்துபோவதோடு அடிப்பூச்சையும் கரைத்துவிடுகிறது. உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு கலந்தால் சொன்ன பேச்சைக் கேட்கும். எனாமல் பிரஷில் அருமையாகத் தானே சமன் ஆகிவிடும், ஆனால் ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு முழு நாள் வேண்டும். மூக்குக்கு அருகே கொண்டுபோனால் வாசனை வருகிறதா, இன்னும் காயவில்லை.

ஏர்பிரஷில் பதம்தான் எல்லாம். பால் பதம் என்று சொல்வார்கள்: கோப்பையின் உள்சுவரில் பிரஷால் பெயிண்டை ஏற்றிவிட்டால், மெல்லிய படலத்தை விட்டுக்கொண்டு கீழே வழுக்கி இறங்க வேண்டும், கெட்டியாக நின்றாலும் தப்பு, சுவடே இல்லாமல் ஓடினாலும் தப்பு. 0.3 மி.மீ. நாசில் பெரும்பாலான வேலைக்குப் போதும். அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. சிலந்திக் கால் மாதிரி பெயிண்ட் நாலா பக்கமும் ஓடினால் ரொம்பத் தண்ணியாக இருக்கிறது அல்லது ரொம்பப் பக்கத்தில் பிடித்திருக்கிறீர்கள், துப்பித் துப்பி வந்தால் கெட்டி, அல்லது ஊசி நுனியில் காய்ந்த பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. முதலில் ஸ்ப்ரூ துண்டில் அடித்துப் பாருங்கள், மாடலில் சோதனை செய்ய வேண்டாம்.

இங்கேயும் மூடியில் எழுதிய எழுத்து வேலைக்கு வரும். தமியா அக்ரிலிக்கை அதன் எக்ஸ்-20ஏ தின்னரிலும் கரைக்கலாம், லாக்கர் லெவலிங் தின்னரிலும் கரைக்கலாம், இரண்டாவதில் பூச்சு இன்னும் வழவழப்பாக வரும். ஆனால் வல்லேஹோவில் அதே லாக்கர் தின்னரையோ ஆல்கஹாலையோ ஊற்றினால் உடனே திரிந்து ரப்பர் கட்டியாகிவிடும், ஏர்பிரஷைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு சாயங்காலமே போய்விடும். 'த' பாட்டிலுக்குத் தண்ணீர் அல்லது அந்தக் கம்பெனியின் தின்னர் மட்டும்.

மாஸ்கிங் டேப்பை ஒட்டும் முன் கண்ணாடித் துண்டில் ஒட்டிப் புதுக் கத்தியால் ஓரத்தை வெட்டிக்கொள்ளுங்கள், சுருளின் ஓரத்தில் தூசி இருக்கும். ஒட்டியதும் ஓரத்தை மட்டும் பல்குத்தும் குச்சியால் அழுத்தி, அடியில் இருக்கும் நிறத்தையே அந்த ஓரத்தில் ஒரு மெல்லிய கோட் அடியுங்கள். கசிந்தால் அந்த நிறம்தான் கசியும், இடுக்கும் அடைபட்டுவிடும். அதன் மேல் புது நிறம் அடித்து, டேப்பை அதன் முதுகின் மேலேயே மடக்கி மெதுவாக இழுத்தால் கத்தியால் வெட்டிய மாதிரி கோடு கிடைக்கும்.

எதன் மேல் எது

இந்தப் பகுதிதான் என் இறக்கையைக் கெடுத்தது. லாக்கரின் கரைப்பான் மிக வீரியமானது, அது கிட்டத்தட்ட எதையும் கடிக்கும். எனாமலின் கரைப்பானான ஒயிட் ஸ்பிரிட் மந்தமானது, முழுதாக இறுகிய அக்ரிலிக்கையும் லாக்கரையும் அது ஒன்றும் செய்யாது. அதனால் லாக்கர் அடியில், அக்ரிலிக் நடுவில், எனாமலும் எண்ணெய் வண்ணமும் மேலே என்ற வரிசையில் போனால் பயமில்லை. இதைத் தலைகீழாக்கி எனாமல் மேல் லாக்கர் அடித்தால் எனாமல் வீங்கிச் சுருங்கும். அக்ரிலிக் மேல் லாக்கர் வார்னிஷ் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், தூவானமாக நாலைந்து கோட் போட்டுக் கரைப்பான் தேங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், பழக்கம் இல்லாமல் முயல வேண்டாம்.

டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படச் சின்னம்) ஒட்டும் முன் பளபள வார்னிஷ் அவசியம். மங்கலான பரப்பு நுணுக்கிப் பார்த்தால் கரடுமுரடுதான், டீக்காலுக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளி மாதிரி மின்னும். நுண்கோடுகளில் விடும் கருப்பு வாஷும் (நீர்த்துக் கரைத்த பெயிண்ட்) அந்தப் பளபளப்பின் மேல்தான் அழகாக ஓடும், அந்த வார்னிஷ் அக்ரிலிக், வாஷ் எனாமல் என்று இருக்கட்டும், மிச்சத்தை ஒயிட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாலும் அடிப்பூச்சு அசையாது. ஆனால் எனாமல் தின்னரைப் பூச்சில்லாத வெறும் பிளாஸ்டிக்கில் தேங்க விடாதீர்கள். இறுக்கமாகப் பொருத்திய இடங்களில் உள்ளே புகுந்து பிளாஸ்டிக்கையே விரிசல் விட வைக்கும்.

உரிப்பது

சுருங்கியதா, வழிந்ததா, நிறம் பிடிக்கவில்லையா, கவலை வேண்டாம், பெரும்பாலும் பிளாஸ்டிக் வரைக்கும் திரும்பிப் போகலாம். ஒரே நிபந்தனை, பெயிண்டைக் கரைக்கும், பாலிஸ்டைரீனைக் கரைக்காத ஒரு திரவம் வேண்டும். அசிட்டோன், லாக்கர் தின்னர், நகப்பூச்சு நீக்கி எல்லாம் இரண்டையும் கரைக்கும், பசை பாட்டிலில் இருப்பதும் அசிட்டோன் என்று முதலிலேயே பார்த்தோம். பிளாஸ்டிக் மாடலை அதில் போட்டால் மாடல் போய்விடும். முழு உலோக உருவங்களுக்கு மட்டும் அசிட்டோன் சரி, சூப்பர் குளூ போட்ட கைகால்கள் கழன்று வரும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

'ஆ', 'த' இரண்டுக்கும் முதலில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல். மூடியுள்ள டப்பாவில் மாடல் மூழ்கும் அளவு ஊற்றி, அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து, கையுறை போட்டுப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால், தமியா சீக்கிரம் கரைந்து ஓடும், வல்லேஹோ தோல் தோலாகக் கழலும். அடியில் லாக்கர் ப்ரைமர் இருந்தால் அது பெரும்பாலும் அப்படியே நிற்கும், நல்லதுதான், அதன் மேலேயே மீண்டும் ஆரம்பிக்கலாம். கண்ணாடிப் பாகங்களை மட்டும் ஊறப்போடாதீர்கள், ஆல்கஹாலில் சில தெளிவான பாகங்கள் உள்ளுக்குள் மெல்லிய விரிசல் விடும். பஞ்சில் தொட்டுத் துடைத்து, அதையும் ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். ரெசினையும் நாள்கணக்கில் ஊற விட வேண்டாம், சில வகைகள் இளகிவிடும்.

உருவப் பொம்மை பூசுகிறவர்கள் பலர் பழுப்பு நிற டெட்டாலில் ஊறப்போடுவார்கள், வேலை செய்யும். ஆனால் எடுத்ததும் தண்ணீரில் காட்டினால் கழன்ற பெயிண்ட் எல்லாம் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். முதலில் டெட்டாலிலேயே தேய்த்து, இன்னொரு கிண்ணத்துப் புது டெட்டாலில் அலசி, அதற்குப் பிறகுதான் சோப்புத் தண்ணீர்.

எனாமல் பழையதாகிவிட்டால் ஆல்கஹாலுக்கு மசியாது. அதற்குக் காஸ்டிக், அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு உள்ள ஓவன் கிளீனர். எனாமல் எண்ணெய் சார்ந்த பிசின், காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும், பாலிஸ்டைரீனை அது தொடாது. மாடலை ஜிப் வைத்த பையில் போட்டு நுரையை அடித்து மூடி ஒரு ராத்திரி விட்டால் மறுநாள் கஞ்சி மாதிரி வழிந்து வரும். தடிமனான கையுறை, பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி இரண்டும் இல்லாமல் இதைத் தொட வேண்டாம், கண்ணில் பட்டால் பார்வை போகும். அலுமினியம், துத்தநாகம் கலந்த பாகங்களை இது அரித்துவிடும், எனவே அவற்றைக் கழற்றிவிடுங்கள். கார் கிட்களில் வரும் குரோம் பூச்சை எடுக்க சாதாரண பிளீச் போதும், கண்ணெதிரே கரைந்துபோகும், அடியில் பளபளப்பான லாக்கர் பூச்சு ஒன்று மிஞ்சும். பிளீச்சை அம்மோனியா, அமிலம், ஆல்கஹால் எதோடும் ஒரே பாத்திரத்தில் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். முதலில் ஒன்று, நன்றாகத் தண்ணீரில் அலசி, வேறு பாத்திரத்தில் அடுத்தது.

பிரேக் ஆயில் பற்றியும் சொல்வார்கள். டாட் 3, டாட் 4 இரண்டும் உரிக்கும், டாட் 5 சிலிக்கோன், அது உரிக்காது. நான் பயன்படுத்துவதில்லை, தோலுக்கும் கெடுதல், தீர்ந்த பிறகு எங்கே கொட்டுவது என்பதும் தலைவலி.

லாக்கரை உரிப்பதுதான் கஷ்டம். அதைக் கரைப்பது பிளாஸ்டிக்கையும் கரைக்கும். எனவே உரிக்க நினைக்காமல், 600-ல் ஆரம்பித்து ஈர உப்புத்தாளால் சமன் செய்து, மெல்லிய ப்ரைமர் கோட் போட்டுத் தொடர்வதே நல்லது.

என் இறக்கையில் மேலே லாக்கர் வார்னிஷ், அடியில் எனாமல். நல்லவேளை ப்ரைமர் அடிக்கவில்லை. ஓவன் கிளீனரில் ஒரு ராத்திரி விட்டேன், சுருக்கங்களின் விரிசல் வழியாகக் காரம் உள்ளே இறங்கி எனாமலைப் பிடித்துக்கொண்டது, அடி போனதும் மேலே இருந்த லாக்கரும் சவ்வாக எழும்பி வந்தது. நுண்கோடுகளில் மிஞ்சியதைப் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தேன், இரண்டு சாயங்காலம் ஆனது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது ஒரு ரிவெட்கூடக் குறையவில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, சாம்பல் ப்ரைமர் அடித்து, இந்தத் தடவை பளபள வார்னிஷை அக்ரிலிக்கில் எடுத்தேன்.

உரித்து முடித்த ஆல்கஹாலைக் கொட்டிவிடாதீர்கள். மூடிய பாட்டிலில் ஓரிரு நாள் வைத்தால் நிறம் அடியில் தங்கும், மேலே இருப்பதைக் காபி வடிதாளில் வடிகட்டினால் இன்னும் நாலைந்து மாடலுக்கு வரும். அடிவண்டலைக் காயவிட்டு, உங்கள் ஊரில் பெயிண்ட் கழிவை வாங்கும் இடத்தில் கொடுங்கள், தொட்டியில் ஊற்ற வேண்டாம். அந்த பாட்டிலின் மூடியிலும் மறக்காமல் எழுதிவையுங்கள்.